பூச்சி வராவிட்டால் பூச்சியம் என்றே எழுதுங்கள்

போன இதழில் கோடைக்காலப் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பக்கத்தில் இருக்கிற காடோ புல்வெளியோ ஏரிக்கரையோ பூங்காவோ, எதுவானாலும் சரி, ஒரு நாள் குறித்து ஆட்கள் சேர்ந்து நடந்து, கண்ணில் படுகிற பட்டாம்பூச்சிகளை இனவாரியாக எண்ணி எழுதுவார்கள், யார் வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான் எழுதியது. நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் "எனக்கு ஒன்றுமே தெரியாதே" என்கிறீர்கள், மீதிப் பேர் "இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்" என்கிறீர்கள். இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்குப் பட்டாம்பூச்சி என்றால் பட்டாம்பூச்சி, அவ்வளவுதான். ஓர் இனத்தின் பெயர்கூடத் தெரியாது. நான் வந்தால் மற்றவர்களுக்கு இடைஞ்சல்தானே? – கூச்சப்படும் வாசகி

பதில்: வாருங்கள் அம்மா, உங்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு குழுவில் எல்லோருக்கும் பெயர் தெரிந்திருந்தால்தான் உண்மையில் தொல்லை, ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். ஒருவருக்கு இனம் தெரிந்தால் போதும். இன்னொருவர் "அதோ, அந்தச் செடிக்குப் பின்னால்" என்று காட்ட வேண்டும், மூன்றாமவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் வேலைதான் எனக்குத் தெரிந்து மிக முக்கியமான வேலை, ஆனால் அதைச் செய்ய யாரும் முன்வருவதில்லை, ஏனென்றால் குனிந்து எழுதுகிற நேரத்தில் நல்ல பூச்சி ஏதாவது பறந்து போய்விடும். என் முதல் கணக்கெடுப்பில் நான் காலை முதல் மதியம் வரை பென்சிலும் தாளுமாகவே நடந்தேன். மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதியதில், அன்று மாலைக்குள் பத்துப் பதினைந்து இனங்கள் தன்னால் மனதில் ஏறியிருந்தன. புத்தகத்தை வைத்துக்கொண்டு அதற்கு முன்பு ஒரு மாதம் முயன்று ஏறாதவை.

பெயரை முதலில் குடும்பம் குடும்பமாகப் பழகுங்கள். வெள்ளையும் மஞ்சளுமாகப் பறப்பவை ஒரு கூட்டம், விரல் நகம் அளவுக்கு நீலமாகத் தரையை ஒட்டி அலைபவை ஒரு கூட்டம், பெரிய இறக்கையும் பின்னால் வாலுமாக வருபவை ஒரு கூட்டம், தடித்த உடம்போடு விருட்டென்று தாவுகிற ஸ்கிப்பர்கள் ஒரு கூட்டம். உட்கார்ந்திருக்கும்போது நாலு காலில்தான் நிற்கிறது என்றால் அது தூரிகைக் கால் கொண்ட குடும்பம், அவற்றின் முன்னங்கால் இரண்டும் குட்டையாகி மார்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். இனம் தெரியாவிட்டால் "நீலன், இனம் தெரியவில்லை, 7" என்று எழுதலாம். அது அரைகுறைப் பதிவு இல்லை, முழுப் பதிவுதான். தெரியாத ஒன்றுக்கு ஊகித்து ஒரு பெயர் வைப்பதுதான் கணக்கைக் கெடுக்கும்.

கேள்வி: எப்படித்தான் எண்ணுகிறார்கள்? பிடித்துப் பிடித்தா? – சந்தேகப் பிராணி

பதில்: பிடிக்காமல்தான். மூன்று விதம் உண்டு, மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலாவது வட்டக் கணக்கு. வட அமெரிக்காவில் 1900-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பைப் பார்த்து, பூச்சிகளைப் பாதுகாக்கப் பாடுபடும் செர்சீஸ் சங்கம் என்ற அமெரிக்க அமைப்பு 1975-இல் பட்டாம்பூச்சிகளுக்கென ஒன்றைத் தொடங்கியது, ஜூலை 4-ஐ ஒட்டி நடப்பதால் அந்த நாளின் பெயரே அதற்கு நின்றுவிட்டது. 1993-இலிருந்து வட அமெரிக்கப் பட்டாம்பூச்சிச் சங்கம் நடத்துகிறது. 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டம், ஒரே நாள், வட்டத்துக்குள் குழுக்கள் பிரிந்து போய் எண்ண வேண்டும், கூடவே எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம் என்றும் எழுத வேண்டும். அடுத்த வருஷமும் அதே வட்டம்தான்.

இரண்டாவது, பாதைக் கணக்கு. இங்கிலாந்தில் மாங்க்ஸ் வுட் ஆய்வு நிலையத்தில் எர்னி பொல்லார்ட் என்பவர் 1973-இல் நடந்து பார்த்து உருவாக்கியது, 1976-இலிருந்து அந்த நாடு முழுவதும் நடக்கிறது. அவர் யோசனை மிக எளிது, கேட்டால் இதற்கு ஒரு விஞ்ஞானி வேண்டுமா என்று தோன்றும். ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரம், வாரம் ஒரு முறை, ஒரே வேகத்தில் நட. உன்னைச் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்: இடப்பக்கம் இரண்டரை மீட்டர், வலப்பக்கம் இரண்டரை, முன்னால் ஐந்து, உயரம் ஐந்து. பெட்டிக்குள் வந்ததை எண்ணு, வராததை விடு. ஆறு மீட்டர் தள்ளி, வாழ்நாளில் ஒரே தடவை பார்க்கக்கூடிய பூச்சி ஒன்று இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் சேர்க்கக் கூடாது. (ஓரத்தில் தனியாக எழுதிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன், மனசு கேட்காது.) பார்த்ததை எல்லாம் எழுதுவது சுலபம், அடுத்த ஆள் அதே பாதையில் நடந்தாலும் கிட்டத்தட்ட அதே கணக்கு வரும்படி எழுதுவதுதான் கஷ்டம், அந்தக் கஷ்டத்துக்கு அந்தப் பெட்டி ஒரு வழி.

மூன்றாவது கால்மணி நேரக் கணக்கு. பிரிட்டனில் பட்டர்ஃபிளை கன்சர்வேஷன் அமைப்பு 2010-இல் தொடங்கியது, ஜூலை ஆகஸ்டில் சில வாரம் நடக்கும். ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணி அனுப்பினால் முடிந்தது. முதன்முதலாகச் செய்கிறவர்கள் இதில் தொடங்குங்கள். உங்கள் பக்கத்தில் எது நடக்கிறதோ அதில் சேருங்கள், எதுவும் நடக்காவிட்டால் நீங்களே கால்மணி நேரம் நிற்பதை யார் தடுக்கப் போகிறார்கள்.

கேள்வி: ஒரே பூச்சி திரும்பத் திரும்ப வருகிறது. நான் ஐந்து என்று எழுதியது உண்மையில் ஒன்றாக இருந்தால்? – கணக்குப்பிள்ளை

பதில்: இருக்கலாம், நிச்சயமாகச் சில நேரம் இருக்கும். இதற்காகத் தூக்கம் கெட்டவர்கள் நீங்கள் மட்டும் இல்லை.

நின்ற இடத்தில் எண்ணும்போது வழக்கமான விதி, ஒரே நேரத்தில் சேர்ந்து கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். கால்மணி நேரத்தில் ஒரே இனம் ஒவ்வொன்றாக ஆறு தடவை வந்து போனால் எழுத வேண்டியது 1. ஒரு தடவை மூன்று சேர்ந்து வந்தால் 3. ஆறும் தனித்தனிப் பூச்சியாக இருந்திருக்கலாமே என்றால், இருந்திருக்கலாம், ஆனாலும் ஒன்றுதான். நடந்துகொண்டே எண்ணும்போது வேறு விதி, முன்னால் வருவதை எல்லாம் கூட்டிக்கொண்டே போக வேண்டும், பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, போன பாதையில் திரும்பி வரும்போது எண்ணக் கூடாது. நீங்கள் எண்ணியது உங்களைத் தாண்டிப் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டதைக் கண்ணாலேயே பார்த்தீர்களானால் மறுபடி எண்ணாதீர்கள். பார்க்காவிட்டால் எண்ணிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளைக்கு இது உறுத்தும். இங்கேதான் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் புல்வெளியில் மொத்தம் எத்தனை பட்டாம்பூச்சி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அது யாருக்கும் தெரியவும் வராது. பாதி புதருக்குள் இருக்கும், சில கூட்டுப்புழுவாக இருக்கும், சில இன்னும் முட்டை. நாம் எடுப்பது வீட்டுக்கு வீடு போய் எடுக்கிற ஜனத்தொகைக் கணக்கு மாதிரி அல்ல, நாடி பார்க்கிற மாதிரி. நாடி பார்க்கிறவர் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று அளப்பதில்லை, போன தடவை எப்படி அடித்தது, இந்தத் தடவை எப்படி அடிக்கிறது என்று பார்க்கிறார். நீங்கள் வருஷா வருஷம் ஒரே மாதிரி கொஞ்சம் கூட்டி எண்ணுகிறவர் என்றால், அந்தப் பிழையும் வருஷா வருஷம் ஒரே அளவில் இருக்கும், ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். போன வருஷம் தாராளமாக எண்ணிவிட்டு இந்த வருஷம் இந்தப் பதிலைப் படித்துவிட்டுக் கறாராக எண்ணினால்தான் ஆபத்து, பூச்சி குறைந்துவிட்டது என்று யாராவது முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் தயவுசெய்து இன்றைக்கே ஒரு விதியை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

கேள்வி: விடியற்காலை ஐந்தரைக்கே போய் இரண்டு மணி நேரம் நின்றேன். ஒன்றுகூட இல்லை. இடம் சரியில்லையா? – வேகமானவர்

பதில்: இடம் சரி. நேரம்தான் தப்பு, நீங்கள் பறவை பார்க்கிறவரோ? பட்டாம்பூச்சிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வசதி குறைவு. இறக்கையை அசைக்கிற மார்புத் தசை சுமார் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் ஒழுங்காகப் பறக்க முடியும், அதனால் காலையில் இலை மேலோ கல் மேலோ இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பொல்லார்ட் முறையில் காலை 10.45-இலிருந்து மாலை 3.45 வரைதான் நடப்பார்கள், 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் நடப்பதே இல்லை, 13-க்கும் 17-க்கும் நடுவில் என்றால் பாதிக்கு மேல் வெயில் அடித்திருக்க வேண்டும், 17-க்கு மேல் மேகமாக இருந்தாலும் பரவாயில்லை. இதெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு. வெயில் சுடுகிற இடங்களில் உச்சிவேளையில் அவையும் நம்மைப் போலவே நிழல் தேடி ஒதுங்கிவிடும், அங்கே எட்டரை ஒன்பதுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுவது நல்லது. காற்று பலமாக அடிக்கிற நாளில் வீட்டில் இருங்கள்.

வெயில் ஒரு மேகத்துக்குப் பின்னால் போகும்போது கவனித்துப் பாருங்கள், புல்வெளி முழுக்க விளக்கை அணைத்தது போல ஒன்றும் இல்லாமல் போகும். மேகம் விலகியதும் எங்கிருந்து வந்தன என்றே தெரியாது, மறுபடி எல்லாம் வந்துவிடும். இதை ஒரு தடவை பார்த்தவர்கள் அப்புறம் தாளின் தலைப்பில் வெயில், மேகம், காற்று எல்லாம் ஏன் எழுதச் சொல்கிறார்கள் என்று கேட்க மாட்டார்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை அழைத்துப் போக ஆசை. வலை வாங்க வேண்டுமா? பிள்ளைகள் எண்ணுவதை யாராவது ஏற்றுக்கொள்வார்களா? – ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், வலை வேண்டாம். முப்பது பிள்ளைகள் கையில் முப்பது வலை என்றால் அது கணக்கெடுப்பு இல்லை, படையெடுப்பு. பாதுகாக்கப்பட்ட காடுகளில் அனுமதி இல்லாமல் பிடிப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. இறக்கையைத் தொட்டால் விரலில் பொடி மாதிரி ஒட்டுகிறதே, அது செதில், உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. செதில் போனதும் பூச்சி செத்துவிடும் என்று சொல்வது மிகை, ஆனால் அதற்கு ஒரு நன்மையும் இல்லை. பைனாகுலர் இருந்தால் இரண்டு மீட்டர் கிட்டத்திலும் தெளிவாகக் காட்டுகிற வகையாகப் பாருங்கள், தூரத்துப் பறவைக்கான கனமான கண்ணாடி இதற்கு உதவாது. இல்லாவிட்டால் செல்போன் போதும்.

முப்பது பேரையும் ஒன்றாக நடத்தாதீர்கள். ஐந்து ஐந்தாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு செடிக்கூட்டம் கொடுத்து, கால்மணி நேரம் நிற்க வையுங்கள். பூச்சியை நெருங்கும்போது நம் நிழல் அதன் மேல் விழாமல் நெருங்கக் கற்றுக்கொடுங்கள், நிழல் விழுந்த நொடியில் பறந்துவிடும். கண்டுபிடிப்பதில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் எண்ணுவதில் ஒரே ஒரு தொல்லை உண்டு, பக்கத்துக் குழு 12 எழுதியது தெரிந்தால் இவர்களுடையது 14 ஆகிவிடும். அதற்கு வழி, அதிகம் எண்ணிய குழுவைப் பாராட்டாமல், "தெரியவில்லை" என்று துணிந்து எழுதிய குழுவைப் பாராட்டுவது.

பிள்ளைகள் செய்ததை ஏற்பார்களா என்று கேட்டீர்கள். கனடாவில் ஃபிரெட் அர்க்வார்ட், நோரா அர்க்வார்ட் என்று ஒரு தம்பதி, மோனார்க் பட்டாம்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் தன்னார்வலர்களைக் கொண்டு இறக்கையில் சிறு அடையாளச் சீட்டு ஒட்டவைத்தார்கள். 1975-இன் தொடக்கத்தில் மெக்சிகோ மலைக்காட்டில் அவை கோடிக்கணக்கில் தங்கும் இடம் தெரியவந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஃபிரெட் அங்கே போனபோது, மரக்கிளை ஒன்று பாரம் தாங்காமல் முறிந்து விழுந்து, அதிலிருந்த பூச்சிகளுக்குள் சீட்டு ஒட்டிய ஒன்று கிடைத்தது. ஒட்டியவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓர் ஆசிரியரும் இரண்டு பள்ளிக்கூடப் பையன்களும். உங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாள் இதைச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள்.

கேள்வி: அந்துப்பூச்சியையும் பட்டாம்பூச்சியையும் எப்படிப் பிரிப்பது? – ஒரு மாணவர்

பதில்: உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள் தம்பி. தீக்குச்சித் தலை மாதிரி நுனி தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. நூல் மாதிரியோ, சீப்பு மாதிரியோ இருந்தால் அந்துப்பூச்சி. பகலில் பறக்கிற பர்னெட் போன்ற சில அந்துப்பூச்சிகளுக்கும் நுனி தடித்திருக்கும், ஆகவே சந்தேகமானால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பறக்கிறது, பளபளவென்று இருக்கிறது என்பதெல்லாம் அடையாளம் ஆகாது.

கேள்வி: வீட்டில் கூட்டுப்புழு வைத்துப் பன்னிரண்டு பட்டாம்பூச்சி வளர்த்து, கணக்கெடுப்புக்கு முதல் நாள் தோட்டத்தில் விட்டேன். எண்ணலாமா? – உற்சாகமான வாசகர்

பதில்: கூடாது! (ஆனாலும் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.)

கேள்வி: இரண்டு மணி நேரம் வெயிலில் நடந்து மூன்றே மூன்று பார்த்தோம். போன வருஷம் எங்களுக்குக் கிடைத்த ஓர் இனம் இந்த முறை இல்லவே இல்லை. வெட்கமாக இருக்கிறது, அனுப்பாமல் விட்டுவிட்டோம். – ஏமாந்த குழு

பதில்: இந்தப் பக்கத்தில் நான் கோபப்படுவது இந்த ஒரு கடிதத்துக்குத்தான். இன்றைக்கே அனுப்புங்கள். மூன்று என்றால் 3, அந்த இனத்துக்கு நேரே பூச்சியம்.

பூச்சி வராவிட்டால் பூச்சியம், இதில் வெட்கம் எங்கே வந்தது? நல்ல எண்ணிக்கை கிடைத்தவர்கள் எல்லாம் அனுப்பி, கிடைக்காதவர்கள் எல்லாம் வெட்கப்பட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டால், தாளில் எப்போதும் ஊர் செழிப்பாகவே இருக்கும். காலியான இடத்தில் யாரும் போகவில்லையா, போய்ப் பார்த்தும் இல்லையா என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. அந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில், கலிஃபோர்னியாவில், மோனார்க் பட்டாம்பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்கிற மரத்தோப்புகளில் 1997-இலிருந்து நவம்பர் மாதக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2020-இல் தன்னார்வலர்கள் தோப்புத் தோப்பாகப் போய் நின்று, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். மொத்தமாகக் கூட்டினால் இரண்டாயிரம்கூட வரவில்லை. ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் தொங்கிய இடங்கள் அவை. சரி, முடிந்தது கதை என்று அடுத்த வருஷம் யாரும் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போனார்கள். 2021-இல் 2,47,237. அந்தக் குதிப்பை நம்ப முடிகிறது என்றால், முந்தின வருஷம் பூச்சியம் எழுதியவர்கள் ஒழுங்காகத் தேடிவிட்டுத்தான் எழுதினார்கள் என்பதனால்தான்.

நான் சொன்ன செர்சீஸ் சங்கத்தின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சான் ஃபிரான்சிஸ்கோ மணல்மேடுகளில் இருந்த செர்சீஸ் என்ற நீலப் பட்டாம்பூச்சியிலிருந்து. நகரம் வளர வளர மணல்மேடு சுருங்கி, 1940-களின் தொடக்கத்துக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்தவருக்கு அதுதான் கடைசி என்று தெரிந்திருக்குமா என்ன.

கேள்வி: சும்மா எண்ணி எழுதினால் பட்டாம்பூச்சி பிழைத்துவிடுமா? – நேர்மையான சந்தேகம்

பதில்: பிழைக்காது. எண்ணுவதால் மட்டும் எதுவும் பிழைத்ததில்லை, இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இங்கிலாந்தில் லார்ஜ் புளூ என்று ஒரு பெரிய நீலன் இருந்தது. குறைந்துகொண்டே வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சேகரிப்பவர்கள் பிடித்துப் போவதால்தான் குறைகிறது என்று நினைத்து வேலி போட்டார்கள். வேலி ஆளைத் தடுத்ததோ இல்லையோ, மேய்கிற ஆடுமாடுகளைத் தடுத்தது. புல் உயர்ந்தது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் கடைசியாக மிஞ்சிய இடத்தில் வருஷக்கணக்கில் குந்தி உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தது இது: அந்தப் பட்டாம்பூச்சியின் புழு ஒரு குறிப்பிட்ட சிவப்பு எறும்பை ஏமாற்றி அதன் புற்றுக்குள் போய், எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. அந்த எறும்புக்கு வெயில் படுகிற சூடான மண் வேண்டும். புல் விரலளவுக்கு மேல் உயர்ந்தால் மண் குளிர்ந்து, அந்த எறும்பு போய் வேறு எறும்பு வந்துவிடும், புழுவுக்கு வாழ வழி இல்லை. காப்பாற்றப் போட்ட வேலியே எமனாகிவிட்டது. விடை கிடைத்தபோது காலம் கடந்திருந்தது, 1979-இல் அந்த நாட்டில் அது அழிந்தே போனது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983-இல் ஸ்வீடனிலிருந்து எடுத்துவந்து மறுபடி விட்டார்கள், இன்றைக்கும் இருக்கிறது.

ஏன் குறைகிறது என்பதை எண்ணிக்கை சொல்லாது. குறைகிறது என்பதை அது ஒன்றுதான் சொல்லும். 2025 மார்ச்சில் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 2000-க்கும் 2020-க்கும் இடையில் பட்டாம்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 22 சதவீதம் குறைந்திருக்கிறது, ஐந்தில் ஒன்றுக்கு மேல். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 35 கணக்கெடுப்புத் திட்டங்களின் 76,000-க்கும் மேற்பட்ட பதிவுகள், மொத்தம் ஒரு கோடியே இருபத்தாறு லட்சம் பூச்சிகள். இதில் பெரும் பகுதியை எண்ணியது உங்களையும் என்னையும் போல ஓய்வு நாளில் தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள்தான். எண்ணும்போது 22 சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாளில் நமக்குத் தெரிவது, இன்றைக்குக் கொஞ்சம் குறைச்சல் போலிருக்கிறதே, போன வாரம் மழையினாலோ என்பது மட்டும்தான்.

கேள்வி: போனில் படம் எடுத்தால் செயலியே பெயர் சொல்லிவிடுகிறது. அப்புறம் எதற்கு நடந்து எண்ண வேண்டும்? – இளைஞர்

பதில்: செயலி நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் பட்டத்துக்காகச் செய்த திட்டமாகத் தொடங்கியது, இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் படம் சொல்வது "இது இங்கே இருந்தது" என்பதை மட்டும். எத்தனை நேரம் தேடினீர்கள், வேறு எதையெல்லாம் பார்த்தீர்கள், எதைத் தேடியும் காணவில்லை என்று படம் சொல்லாது. நாம் அழகானதைப் படம் எடுப்போம், சாதாரண வெள்ளையன் முப்பது போனாலும் போனை எடுக்க மாட்டோம். சாதாரணமானது குறைவது கடைசியாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் இரண்டும் வேண்டும், எண்ணுங்கள், சந்தேகமானதைப் படம் எடுங்கள். படம் எடுக்கும்போது இறக்கையின் அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், நீலன்களில் பல இனங்களுக்கு மேல்பக்கம் ஒரே மாதிரி இருக்கும், அடிப்பக்கப் புள்ளிகளில்தான் வித்தியாசம். அப்புறம், செயலி சொன்ன முதல் பெயரை அப்படியே தாளில் ஏற்றாதீர்கள், அந்த இனம் அந்தப் பகுதியில் இருக்கக்கூடியதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 67, முழங்கால் வலி. "இந்த வயசில பட்டாம்பூச்சி பின்னால ஓடப் போறீங்களா மாமா" என்று மருமகள் சிரிக்கிறாள். – ஓய்வுபெற்றவர்

பதில்: ஐயா, யாரும் ஓடுவதில்லை என்று மருமகளிடம் சொல்லுங்கள். ஓடினால் ஒன்றும் கிடைக்காது. பூத்த செடி பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்காருங்கள், கால்மணி நேரம். ஈர மண் இருக்கிற இடம் கிடைத்தால் இன்னும் நல்லது, மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சப் பெரும்பாலும் ஆண் பூச்சிகள் கூட்டமாக வந்து இறங்கும், அந்த மயக்கத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுகொள்ளாது. சிரித்த மருமகளையே எழுதுகிறவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாம்பு, குளவி, முள்? – பயந்தவர்

பதில்: முழுக்கால்சட்டை, மூடிய செருப்பு, தொப்பி, தண்ணீர். தனியாகப் போகாதீர்கள், பாதையை விட்டு உயரப் புல்லுக்குள் இறங்காதீர்கள். பூச்சியையே பார்த்துக்கொண்டு பின்னால் நகராதீர்கள், எங்கள் குழுவில் அடிபட்ட ஒரே ஆள் அப்படித்தான் பள்ளத்தில் விழுந்தார். அந்த ஆள் நான்தான்.

கேள்வி: நான் எழுதிய அபூர்வமான இனத்தை ஒருங்கிணைப்பாளர் அடித்துவிட்டார். நான் பொய் சொல்கிறேன் என்றா அர்த்தம்? – மனம் நொந்தவர்

பதில்: அப்படி இல்லை. அந்தக் கோபத்தை நானும் பட்டிருக்கிறேன். ஒரு கோடையில், அந்தப் பகுதியிலேயே யாரும் பதியாத ஓர் இனத்தைப் பார்த்துவிட்டேன் என்று வீடு வரும்வரை யாரிடமும் பேசாமல் சந்தோஷத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். படம் மங்கல். அனுப்பிய இரண்டாம் நாள் பதில் வந்தது: பொது இனம்தான், வயதாகி இறக்கை வெளிறி ஓரம் கிழிந்திருக்கிறது, அதனால் வேறு மாதிரித் தெரிகிறது என்று. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவர் சொன்ன புள்ளி அங்கேயே இருந்தது, நான் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான். கணக்குக்கு ஒரு நட்டமும் இல்லை, பெயர் மாறியது, எண் அப்படியே 1 என்று நின்றது. உங்களிடம் நல்ல படம் இருந்தால் அனுப்பி வாதாடுங்கள், அவர்கள் மாற்றிக்கொள்வதும் உண்டு. படம் இல்லாவிட்டால் அந்த இடத்தையும் செடியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வெயில் நாளில் போய் நில்லுங்கள்.

கேள்வி: வருஷா வருஷம் அதே பாதையா? போரடிக்காதா? – கடைசிக் கடிதம்

பதில்: முதல் இரண்டு வருஷம் அடித்தது. மூன்றாவது வருஷம், வளைவு தாண்டி ஒரு வாய்க்கால் ஓரம் வருகிற இடத்தில், எப்போதும் ஏழெட்டு நீலன் இருக்கிற இடம் அது, இரண்டுதான் இருந்தது. போன வருஷம் நாலு. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம், அந்த வளைவு வரும்வரை எனக்கு வேறு எதிலும் கவனம் இருக்காது.